மன்னார் வளைகுடாத் தீவுகளைக் காண வருவோர் படகிலிருந்தே காணட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

விடுமுறைக் காலம் நெருங்கும்போதெல்லாம் நாளிதழ்களின் சுற்றுலாப் பக்கங்களில் இராமேசுவரம், தனுஷ்கோடி ஆகியவற்றோடு மன்னார் வளைகுடாத் தீவுகளின் பெயரும் இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்தில் நெடுங்காலம் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதை மனமார வரவேற்கிறேன். தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பவளப்பாறையைப் பாடநூல் படத்திலும் தொலைக்காட்சியிலும் மட்டுமே பார்த்திருக்கிறார்கள். ஓர் இரவுப் பயணத் தொலைவில் அது உயிரோடு இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பக்கங்களில் போகும் வழியும் படகுக் கட்டணமும் தங்குமிடமும் வருகின்றனவே தவிர, போகும் இடம் ஒரு தேசியப் பூங்கா என்பதும், அதன் கரை பருவத்துக்குப் பருவம் இடம் மாறுவது என்பதும், அத்தீவுகளில் சில நம் காலத்திலேயே கரைந்துகொண்டிருக்கின்றன என்பதும் வருவதில்லை. இவற்றை அறியாமல் வருகிறவர் எல்லாக் கடற்கரையையும் போல இதையும் காலார நடந்து பார்க்கும் இடமாகவே எண்ணுவார். குருசடைத் தீவைத் தவிர வேறு எந்தத் தீவிலும் சுற்றுலாப் பயணிகளை இறக்குவதற்கு ஒருபோதும் இடம் தரக்கூடாது, மற்றவற்றைப் படகிலிருந்தே காட்ட வேண்டும், அதையும் இக்கடலை அறிந்த கரையோர மக்களைக் கொண்டே காட்ட வேண்டும் என்பது என் வேண்டுகோள். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுத அனுமதி வேண்டுகிறேன்.

பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி வரிசையாக அமைந்த 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழம் குறைந்த கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல்சார் தேசியப் பூங்காவாக்கும் அறிவிப்பு 1986-இல் வெளிவந்தது. 1989-இல் அதை உள்ளடக்கி 10,500 சதுர கிலோமீட்டர் கடலும் கரையும் உயிர்க்கோளக் காப்பகமாயின. மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாக இத்தீவுகளைப் பிரித்துச் சொல்வது வழக்கம். மண்டபம் தொகுதியில் உள்ள முசல் தீவு நூறு ஹெக்டேருக்கும் மேல் பரந்தது; மற்றவற்றில் பல, ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரிகிற அளவே ஆனவை. மனிதர் நிலையாகக் குடியிருக்காத இந்த மணல் திட்டுகளைச் சுற்றித்தான் நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்களும், கடல்தாழை என்னும் கடற்புல் படுகைகளும், அவற்றை மேய்ந்து வாழும் கடற்பசுவான ஆவுளியாவும், ஐந்து வகைக் கடலாமைகளும், ஓங்கல்களும், கடல் குதிரைகளும், கடல் அட்டைகளும், சங்கும் முத்துச்சிப்பியும் இருக்கின்றன. ஒரு காலத்தில் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் விலங்கியல் மாணவர்கள் குருசடைக்கு வந்து போகாமல் பட்டம் முடித்ததில்லை என்றே சொல்லலாம்.

இந்தத் தீவுகள் எதன் மேல் நிற்கின்றன என்பதை அறிந்தால்தான் மற்றவை விளங்கும். அடியில் இருப்பது பழைய பவளப்பாறை. மேலே கிடப்பது அலையில் உடைந்த பவளத் துண்டுகளும், சிப்பி ஓடுகளும், பாறையைக் கொறித்துத் தின்னும் கிளிமீன்கள் கழிக்கும் வெண்மணலும். இந்த மணல் ஓரிடத்தில் கிடப்பதில்லை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று எழும்பும்போது கடலைப் பார்த்த தெற்குப் பக்கம் அரிக்கப்பட்டு, அந்த மணல் தீவைச் சுற்றிக்கொண்டு போய் மறுமுனையில் நீண்ட நாக்காகப் படியும். ஐப்பசிக்குப் பின் வாடை வீசத் தொடங்கினால் நீரோட்டம் திரும்பும். போன மணலில் ஒரு பகுதி திரும்பி வரும். ஆடியில் பார்த்த தீவைத் தையில் பார்ப்பவர் இது வேறு தீவோ என்று ஐயுறுவார். தனுஷ்கோடியிலும் இதே கதைதான். அரிச்சல்முனைக்கு அப்பால் தெரியும் மணல் தீடைகள் மாதத்துக்கு ஒரு வடிவம் கொள்வதை அங்கே வலைபோடும் எவரும் சொல்வார்கள். இன்னும் நீண்ட காலக் கணக்கில் பார்த்தால், இதே வளைகுடாவின் கரையில் பாண்டியரின் முத்துத் துறையாக விளங்கிய கொற்கை இன்று கடலைக் காண முடியாத உள்நாட்டு ஊராகிவிட்டது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. ஆகவே கரை நகர்வது இங்கே கேடு அன்று, இக்கடலின் இயல்பு. அதைக் கண்டு அஞ்சிக் கல்லும் கான்கிரீட்டும் கொண்டு கட்டிப்போட முனைவதுதான் கேடு. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவு அமைத்த ஊர்களில் ஒரு பக்கம் மணல் சேர்வதும், அடுத்த ஊரின் கரை அறுபடுவதும் நம் கடலோர மாவட்டங்கள் முழுவதும் கண்ட அனுபவம்.

ஆனால் போன மணல் திரும்பி வராத தீவுகளும் இருக்கின்றன. அங்கே நடந்தது இயற்கையின் வேலை மட்டும் அன்று. கீழக்கரைத் தொகுதியில் பூவரசன்பட்டியும் தூத்துக்குடித் தொகுதியில் விலங்குச்சல்லியும் இன்று கடல் மட்டத்துக்கு மேல் இல்லை. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அருகில் உள்ள வான் தீவு, தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட 1986-இல் ஏறத்தாழ 16 ஹெக்டேர் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்குள் இரண்டு ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதே தொகுதியைச் சேர்ந்த காரியாச்சல்லி 1969-இல் 20 ஹெக்டேர் அளவில் இருந்தது. இப்போது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1960-களிலிருந்து பல பத்தாண்டுகள், கடப்பாரையும் கையுமாகப் போன படகுகள் தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறையைப் பெயர்த்துக் கரைக்குக் கொண்டுவந்து குவித்தன. சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் ஆலைகளுக்கும் கட்டடங்களுக்கும் அது போயிற்று. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பாறை பெயர்ப்பது அதன் பிறகும் சில ஆண்டுகள் தொடர்ந்து, 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னரே பெரும்பாலும் நின்றது. கடலிலிருந்து வரும் அலையின் வேகத்தை முதலில் வாங்கிக்கொள்வது தீவின் தெற்கே இருக்கும் பாறைதான். அதைப் பெயர்த்த பிறகு அலை நேரே மணலில் அடிக்கும். அடித்த மணல் பள்ளமான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் பருவக் காற்று மாறினாலும் மீண்டு வராது. வரப்பை வெட்டிய வயலில் நீர் நிற்பதில்லை என்று உழவருக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கேயும் நடந்தது அதுதான்.

தனுஷ்கோடிக்கு வருவோர் எல்லாரும் 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்த மாதா கோயிலின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சுவரை ஒரு கை தூரத்தில் நின்று பார்த்தால், கல்லில் பூவிதழ் அடுக்கியதுபோன்ற சிறு சிறு விண்மீன் வடிவங்கள் நெருக்கமாகத் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஓர் உயிர் குடியிருந்த குழி. அந்தச் சுவர் முழுவதும் கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளப்பாறை. இப்பகுதியின் பழைய வீடுகள் பலவற்றிலும், கிணற்றுச் சுவர்களிலும் இதைக் காணலாம். அந்தக் காலத்தில் கட்டியவர்களைக் குறை சொல்லவில்லை. கருங்கல் கிடைக்காத மணல் பூமியில் கிடைத்ததை வைத்துக் கட்டினார்கள். வழிகாட்டுவோர் அந்தச் சுவரின் முன் பயணிகளை நிறுத்தி, இந்தக் கல் எங்கிருந்து வந்தது, அது போன இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று சொன்னால், எத்தனை எச்சரிக்கைப் பலகைகளை விடவும் அது மனத்தில் நிற்கும். நான் பார்த்தவரை ஒருவரும் சொல்வதில்லை.

இழந்ததை ஓரளவு மீட்க முடியும் என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. வான் தீவின் கடற்புறத்தில் 2015 முதல், துளைகள் கொண்ட 10,000-க்கும் மேற்பட்ட கான்கிரீட் கட்டமைப்புகள் செயற்கைப் பாறைகளாக இறக்கப்பட்டன. சென்னை ஐஐடியின் வல்லுநர்களும் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தாரும் அப்பணியில் ஈடுபட்டனர். அலை தணிந்தது, அரிப்பு குறைந்தது, மணல் மெல்லச் சேரத் தொடங்கியது, அந்தக் கட்டமைப்புகளின் மேலேயே பவளக் குஞ்சுகள் ஒட்டி வளர்ந்தன, மீன்கள் கூடின. கரையோடு சுவர் எழுப்பாமல், பாறை இருந்த இடத்தில் பாறை செய்த வேலையைச் செய்யும் ஒன்றை வைத்தது அறிவார்ந்த செயல் என்று கருதுகிறேன். காரியாச்சல்லிக்கும் அதே வழியில் மீட்பு வேலை மேற்கொள்ளப்படுவது ஆறுதல் தருகிறது. ஆனால் செலவும் காலமும் எவ்வளவு என்று பாருங்கள். கட்டிப் பவளம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் முதல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வரையே வளரும். கிளைப் பவளம் விரைவாக வளரும். அதே அளவுக்கு எளிதில் ஒடியவும் செய்யும். பாறைமேல் கவனமின்றிப் போடப்படும் ஒரு நங்கூரம், கயிறு இழுபடும் ஒரு நிமிடத்தில் முறிப்பது பல ஆண்டு வளர்ச்சி. முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்று படம் எடுக்க விரும்பும் ஒருவர், தாம் மிதித்துக்கொண்டிருப்பது கல் அன்று, உயிர் என்பதை அறிந்திருக்க மாட்டார்.

நான் இறங்கலாம் என்று ஒப்புக்கொள்ளும் ஒரே தீவு குருசடை. பாம்பன் குந்துகாலிலிருந்து வனத்துறைப் படகில் அதற்குப் போகிறார்கள். ஆய்வுக்கூடமும் நடைபாதையும் முன்பே அமைந்த தீவு அது; மனிதர் காலடி பழகிய தீவு. அதிலும் நீர் வற்றும் நேரம் பார்த்துப் போனால்தான் காணக் கிடைப்பவை கிடைக்கும். நீர் வடிந்த சேற்று மணலில் கயிற்றைச் சுருட்டி வைத்ததுபோன்ற சிறு மண் குவியல்கள் தெரியும். அதன் அடியில் வாழ்வது பலனோகிளாசஸ் என்னும் புழு வடிவ உயிரி. முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடையிலான உறவை ஆராய்வோருக்கு அது பெரும் செல்வம். அந்த இடத்தைத் தோண்டாமல் குனிந்து முகர்ந்தாலே, பழைய மருத்துவமனைகளில் காயத்துக்குப் போடும் அயோடோஃபார்ம் மருந்தின் வாடை சன்னமாக வரும். அதை உணர்ந்த மாணவன் வாழ்நாளில் அந்தப் பெயரை மறக்க மாட்டான். என் மாணவர்களில் பலர் இன்றும் சந்திக்கும்போது அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். தோண்டி எடுத்துப் புட்டியில் போட்டுக்கொண்டு போகும் பழக்கம் ஒரு காலத்தில் கல்லூரிகளிடம் இருந்தது. அது நின்றதே நல்லது. இன்று அதே இடத்தில் ஒரு பெரும் கூட்டம் செருப்புக் காலோடு நடந்தால் அந்தக் குவியல்கள் ஒரு மணி நேரத்தில் தரைமட்டமாகும். சிறு சிறு குழுவாக, ஒரு வழிகாட்டியோடு, குறித்த வழியில் நடத்திக் கூட்டிச் செல்வதுதான் முறை.

மற்ற தீவுகளில் இறங்கக்கூடாது என்பதற்கு அங்குள்ள பறவைகளும் ஒரு காரணம். மனோலி, மனோலிப்புட்டி, முசல் ஆகிய தீவுகளின் திட்டுகளில் குளிர்காலத்தில் வடதுருவத்தை ஒட்டிய நாடுகளிலிருந்து உள்ளான்கள் வந்து இறங்குகின்றன. நீர் வற்றி மணல் வெளிப்படும் சில மணி நேரமே அவற்றின் உணவு நேரம். சுற்றுலாப் படகு தீவை நெருங்க விரும்புவதும், காலார நடக்க மணல் கிடைப்பதும் அதே நேரத்தில்தான். கூட்டமாக எழுந்து பறந்து சுற்றுவதைப் பார்ப்பவருக்கு அது காட்சி. மீண்டும் அந்த நெடும் பயணம் போக உடம்பில் கொழுப்புச் சேர்க்க வேண்டிய பறவைக்கு அது இழப்பு. ஆளில்லாச் சிறு விமானத்தைப் பறக்கவிட்டுப் படம் பிடிப்பவர்களும் இப்போது பெருகியிருக்கிறார்கள். தனுஷ்கோடியில் பூநாரைகள் கூடும் நீர்ப்பரப்பைச் சேர்த்து 2025-இல் சரணாலயம் அறிவித்திருப்பது நல்ல தொடக்கம். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்ட பிறகு வண்டிகள் கட்டுக்கடங்காமல் பெருகிவிட்டன. தை முதல் பங்குனி வரை இதே மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. வனத்துறையினர் விடியற்காலையில் தேடி எடுத்து வேலிக்குள் வைத்துப் பொரிக்க விடுகிறார்கள். முகப்பு விளக்கும் ஒலிபெருக்கியும் உள்ள கரைக்கு ஆமை ஏறாது. தனுஷ்கோடிக் கரை தேசியப் பூங்காவின் எல்லைக்கு வெளியே இருந்தாலும், ஆமைக்கு அந்த எல்லை தெரியாது என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

பருவம் பற்றி ஒரு வார்த்தை. பள்ளி விடுமுறை வரும் ஏப்ரல், மே மாதங்களில்தான் மக்கள் பெருந்திரளாக வருகிறார்கள். அந்த மாதங்களில்தான் இக்கடலின் நீர் மிகவும் சூடாகிறது. வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டிச் சில வாரங்கள் நீடித்தால், பவளத்தின் உடலுக்குள் குடியிருந்து அதற்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப்போகும்; வெப்பம் விரைவில் தணிந்தால் பிழைக்கும், தணியாவிட்டால் மடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இங்கே பெரும் வெளிறல் ஏற்பட்டது. 2016-இல் உயிர்ப் பவளத்தில் கணிசமான பங்கு இறந்துவிட்டது. நோயில் கிடப்பவரைப் பார்க்க ஊரே திரண்டு வீட்டுக்குள் நுழையலாகாது. இழுவலைப் படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறது. அதே காலத்தில் பவளப்பாறைப் பகுதிகளுக்கான சுற்றுலாப் படகுகளையும் குறைக்க வேண்டும், கடல்நீர் வெப்பம் வரம்பு மீறிய வாரங்களில் முற்றிலும் நிறுத்த வேண்டும். தை, மாசி மாதங்களில் கடல் அமைதியாகவும் நீர் தெளிவாகவும் இருக்கும், பறவைகளும் இருக்கும். பள்ளிகளும் கல்லூரிகளும் கல்விச் சுற்றுலாவை அந்த மாதங்களுக்கு மாற்றிக்கொள்வது பிள்ளைகளுக்கும் நல்லது. ஆடிக் கச்சானில், ஆண்கடல் என்று இங்குள்ளோர் சொல்லும் மன்னார் வளைகுடா பக்கம் படகில் ஏறுவது எந்த வகையிலும் நல்லதன்று.

இனி நான் மிகவும் வருந்தும் செய்திக்கு வருகிறேன். இத்தீவுகள் தேசியப் பூங்காவான பிறகு யார் யார் விலகி நிற்க வேண்டியதாயிற்று என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. தலைமுறை தலைமுறையாகத் தீவோரம் வலை விரித்த நாட்டுப் படகு மீனவர்கள், சங்கு குளித்தவர்கள், கடற்பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் ஆகியோருக்குத் தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் தடுக்கப்பட்ட இடமாயின. சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி அணிந்து, மூச்சை அடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறிப்பவர்கள். பாறையின் கூர்முனை கிழித்த தழும்பு இல்லாத விரலை அவர்களிடம் பார்க்க முடியாது. அவர்கள் தாங்களாகவே கூடிப் பேசி, அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது, பாசி வளரும் கோடைக்காலத்தில் கடலுக்கே போகாதிருப்பது, இரும்புக் கருவி கொண்டு சுரண்டாமல் கையாலேயே பறிப்பது என்ற கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்டவர்கள். அவர்களின் சங்கத் தலைவிக்கு 2015-இல் சீகாலஜி என்ற பன்னாட்டுத் தீவுப் பாதுகாப்பு அமைப்பின் பரிசு கிடைத்தது. அப்படிப்பட்டவர் தீவோரம் கால் வைத்தால் குற்றம். கட்டணம் செலுத்திய வெளியூர்க்காரர் அதே மணலில் இறங்கி நடந்தால் சுற்றுலா என்றால், அதை எந்த முகத்தோடு அந்தப் பெண்களிடம் விளக்குவது? குருசடையைத் தாண்டி மேலும் தீவுகளைப் பயணிகளுக்குத் திறக்க வேண்டும் என்று யார் கேட்டாலும், அவர்கள் முதலில் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும்.

பாதுகாப்புக்காக விலகி நின்றவர்களுக்கே அந்தப் பாதுகாப்பால் வரும் வருவாயில் முதல் உரிமை இருக்க வேண்டும். தொண்டிக்கு அருகில் காரங்காட்டில் அலையாத்திக் காட்டைக் காட்டும் சூழல் சுற்றுலா ஊர் மக்களின் பங்கேற்போடு நடப்பதை வாசகர்கள் அறிந்திருக்கலாம். அதே முறையைத் தீவுப் பகுதிக்கும் விரிவாக்கலாம். எந்த நீரோட்டத்தில் எந்தப் பக்கம் தெளிவாக இருக்கும், ஆவுளியா மேயும் கடல்தாழை எங்கே பரவியிருக்கிறது, இப்போது மணல் எந்த முனையில் சேர்கிறது என்பதெல்லாம் இரண்டு வாரப் பயிற்சியில் வெளியூர் இளைஞருக்கு வராது. வலையிலும் பாசியிலும் வாழ்ந்தவருக்கு அது அன்றாட அறிவு. வலையில் தவறிச் சிக்கிய ஆவுளியாவை, வலை கிழிந்தாலும் பரவாயில்லை என்று அறுத்துக் கடலில் விட்ட மீனவர்கள் பாக் நீரிணைக் கரையில் பலர் உண்டு. ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே சில ஆண்டுகள் இடைவெளி விடும் விலங்கு அது. இந்தியக் கடலில் சில நூறுக்கு மேல் இல்லாதது. அதை விட்டவரே எதிரில் அமர்ந்து அந்தக் கதையைச் சொன்னால் கேட்கும் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பாடம் வேறில்லை.

படகிலிருந்து பார்த்தால் போதுமா என்று சிலர் கேட்பார்கள். போதும் என்பதே என் விடை. கண்ணாடி அடித்தளம் உள்ள படகில் இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில் மூளை வடிவப் பவளத்தையும், அதன் இடுக்கில் தலை நீட்டும் மீன்களையும் கால் நனையாமல் காணலாம். தீவின் ஓரமாக மெதுவாகச் சுற்றி வந்தால், ஒரு பக்கம் வேர் வெளியே தெரியச் சாய்ந்து நிற்கும் மரங்களையும், மறுபக்கம் புதிதாகச் சேர்ந்த மணலில் அடம்பங்கொடி படரத் தொடங்கியிருப்பதையும் ஒரே பார்வையில் காட்டலாம். கரை எப்படி நகர்கிறது என்பதை விளக்க இதைவிடச் சிறந்த இடம் இல்லை. இறங்கி நடப்பவருக்கு இந்த இரண்டும் சேர்ந்து தெரியாது.

அதோடு, புறப்படும் துறையிலேயே ஒவ்வொரு தீவின் பழைய கரைக்கோட்டையும் இன்றைய கரைக்கோட்டையும் ஒரே வரைபடத்தில் வெவ்வேறு நிறத்தில் வரைந்து வைக்க வேண்டும். அளவீடுகள் ஆய்வாளர்களிடம் இருக்கின்றன. அவை ஆய்விதழ்களில் கிடந்து என்ன பயன்? ஆண்டுக்கு இருமுறை, கச்சானுக்குப் பின்னும் வாடைக்குப் பின்னும், அளந்து அந்தப் பலகையைத் திருத்த வேண்டும். காரியாச்சல்லி இந்த ஆண்டு வளர்ந்ததா குறைந்ததா என்று தூத்துக்குடிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அணையின் நீர்மட்டத்தைக் கேட்பதுபோலக் கேட்கும் நிலை வர வேண்டும். தீவுகளில் புதிதாகப் படகுத்துறையோ ஓய்வுக்குடிலோ கழிப்பறையோ எதையும் கட்டக்கூடாது. மணல் சுற்றி நகரும் வழியில் நடப்படும் ஒரு தூண்வரிசைகூட அதன் போக்கை மாற்றும் என்பதை மேலே சொன்ன தூண்டில் வளைவுகளே காட்டுகின்றன. குடிநீர்ப் புட்டி, நொறுக்குத் தீனிப் பொட்டலம் ஆகியவற்றைத் துறையிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, திரும்பும்போது கொடுக்கலாம். உரிமமின்றிப் பணம் வாங்கிக்கொண்டு மற்றத் தீவுகளின் ஓரம் ஆட்களை இறக்கிவிடும் சில தனியார் படகுகளைப் பற்றிக் கரையில் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் மீது நடவடிக்கை எடுப்பதற்குப் புதுச் சட்டம் ஏதும் தேவையில்லை.

பூங்காவைப் பூட்டி வைக்க வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். பார்க்காத ஒன்றின் மீது மக்களுக்குப் பற்று வராது. பற்று இல்லாத இடத்தில் பவளம் மீண்டும் சுண்ணாம்பாகும். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இக்கடலைக் காண வர வேண்டும் என்றே விரும்புகிறேன்.

தங்கள் நாளிதழிடம் ஒரு சிறு உதவியைக் கோருகிறேன். அடுத்த முறை மன்னார் வளைகுடாவைப் பற்றிச் சுற்றுலாப் பக்கத்தில் எழுதும்போது, படகுக் கட்டணத்துக்குப் பக்கத்தில் அந்த மாதத்தின் காற்றையும், நீர் வற்றும் நேரத்தையும், இறங்க அனுமதியுள்ள தீவு குருசடை ஒன்றே என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். வனத்துறையும் சுற்றுலாத் துறையும், இனி எடுக்கப்போகும் முடிவுகளுக்கு முன் சின்னப்பாலம், பாம்பன், கீழக்கரை, வேம்பார் ஊர்களின் மீனவர் சங்கங்களையும் பாசி எடுக்கும் பெண்களின் சங்கங்களையும் நேரில் அழைத்துக் கேட்க வேண்டும்; அந்தக் கூட்டங்களில் என்ன பேசப்பட்டது என்பதைத் தங்கள் செய்தியாளர்கள் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
இராமநாதபுரம் மாவட்டம்.